மாணவர்கள் கையில் பழைய ஃபிலிம் கேமராவும் தனி லைட் மீட்டரும்: ஆலோசனை தேவை

ஃபோட்டோடீச்சர்

நண்பர்களே, வணக்கம். கல்லூரி மாணவர்களுக்குப் புகைப்பட அடிப்படைகளைச் சொல்லித்தருகிறேன். வரும் பருவத்தின் முதல் சில வாரங்களை முழுக்க ஃபிலிம் கேமராவில் நடத்தலாம் என்று எண்ணம். இறங்குவதற்கு முன் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகள் மோசமாக எடுக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எடுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு க்ளிக், உடனே பின்திரை. இருட்டாக இருக்கிறதா, டயலில் ஒரு திருப்பு. மறுபடி க்ளிக், மறுபடி திரை. நாலாவது ஐந்தாவது படத்தில் சரியாகிவிடும். லென்ஸ் துளையின் அளவைக் காட்டி "ஏன் எஃப்/8 வச்சே?" என்று கேட்டால், "அதுலதான் மேடம் சரியா வந்துச்சு" என்று பதில் வரும். பொய்யில்லை. ஆனால் அடுத்த இடத்துக்குப் போனதும் மறுபடி முதலிலிருந்து தடவ வேண்டியதுதான். அங்கே எவ்வளவு வெளிச்சம் இருந்தது, எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அவர்கள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் திரையைத்தான்.

நினைத்திருப்பது இது: முழு மெக்கானிக்கல் எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமரா), ஒரே ஒரு 50 மி.மீ. லென்ஸ், கறுப்பு-வெள்ளை ஃபிலிம், வெளிச்சத்தை அளக்கக் கையில் பிடிக்கும் தனி மீட்டர். மூன்று சந்தேகங்கள். மாணவர் கையில் தாக்குப்பிடிக்கும் பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா) எது? கேமராவுக்குள்ளேயே மீட்டர் இருக்கும்போது தனி மீட்டர் தேவையா? பல பத்தாண்டு பழைய மீட்டர் சொல்வதை நம்பலாமா?

ஷட்டர்மெக்கானிக்

வணக்கம் மேடம். பழைய பாடிகளைப் பிரித்துச் சரிசெய்வதுதான் என் வேலை. முதல் கேள்விக்கு என் பதில்.

பென்டாக்ஸ் கே1000-ஐ எல்லோரும் சொல்வார்கள். 1976-இல் வந்து 1997 வரை தயாரானது. பேட்டரி உள்ளே இருக்கும் மீட்டருக்கு மட்டும்தான். பேட்டரி தீர்ந்தாலும் 1 விநாடியிலிருந்து 1/1000 வரை ஷட்டர் ஓடும். மீட்டருக்குத் தனி சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால்தான் பேட்டரி நீடிக்கும், அதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒரே குறை, டெப்த் ஆஃப் ஃபீல்ட் பார்க்கும் பட்டன் இல்லை. அபெர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையை, சிறிதாக்கினால் படத்தில் எதுவரை தெளிவாக வரும் என்று வ்யூஃபைண்டரிலேயே காட்ட நினைத்தால் நிக்கான் எஃப்எம் நல்லது. 1977-இல் வந்தது, அதுவும் முழு மெக்கானிக்கல். மினோல்டா எஸ்ஆர்டி-101, ஒலிம்பஸ் ஓஎம்-1 இரண்டும் அருமையான பாடிகள், ஆனால் அவற்றில் பேட்டரிச் சிக்கல் உண்டு. கீழே சொல்கிறேன்.

கேனன் ஏஇ-1 நிறையக் கிடைக்கும், பார்க்கவும் அழகு. உங்கள் வகுப்புக்கு வேண்டாம். ஷட்டரே பேட்டரியில் ஓடுகிறது, பேட்டரி போனால் கேமரா நின்றுவிடும். ஆட்டோவில் ஷட்டர் வேகத்தை மட்டும் நாம் வைக்கிறோம், அபெர்ச்சரைக் கேமரா எடுத்துக்கொள்கிறது. நீங்கள் கற்றுக்கொடுக்க நினைக்கும் பாதியைக் கேமரா செய்துவிட்டால் அப்புறம் என்ன பாடம்? 2024-இல் வந்த புதிய பென்டாக்ஸ் 17-க்கும் இதே பதில்தான். ஃபிலிம் கேமரா மறுபடி தயாராவது எனக்குப் பெரிய சந்தோஷம், ஆனால் அதிலும் எக்ஸ்போஷரை, அதாவது ஃபிலிமில் எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்பதை, கேமராவே முடிவு செய்கிறது.

பேட்டரிச் சிக்கல் இதுதான். எஸ்ஆர்டி, ஓஎம்-1 எல்லாம் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்கு வடிவமைத்தவை. 1990-களில் பாதரச பேட்டரி தடைக்குள் போய்விட்டது. அதே அளவு 1.5 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியைப் போட்டால் முள் கூடுதலாக ஏறும். இருக்கிற வெளிச்சத்தை அதிகமென்று சொல்லும். அதை நம்பி எடுத்தால் அண்டர் எக்ஸ்போஸ் ஆகும், வெளிச்சம் போதாமல் போகும். போதாததற்கு ஆல்கலைனின் வோல்டேஜ் நாளாக ஆக இறங்கிக்கொண்டே வரும், அதனால் பிழை ஒரே அளவாகவும் இருக்காது. காது மெஷினுக்குப் போடும் ஜிங்க்-ஏர் பேட்டரி கிட்டத்தட்ட அதே வோல்டேஜ் தரும், ஆயுள்தான் குறைவு. டயோடு வைத்த அடாப்டரில் சில்வர் ஆக்சைடு பேட்டரி போடுவது இன்னொரு வழி. பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கில் இந்தக் கவலையே இல்லை. அதில் பிரிட்ஜ் சர்க்யூட் இருப்பதால் வோல்டேஜ் சற்று மாறினாலும் முள் சரியாகவே நிற்கும்.

வாங்கும்போது பின்கதவைத் திறந்து ஓரத்தில் இருக்கும் கறுப்பு ஃபோமை விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் வெளிச்சம் கசியும், மாற்றியே ஆக வேண்டும். கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி மேலே போய் இடிக்கும் இடத்திலும் அதே ஃபோம்தான். மெதுவான வேகங்கள்தான் முதலில் இழுக்கும்: 1 விநாடி, 1/2, 1/4 வைத்துக் காதால் கேளுங்கள். ஃபோனில் 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன் இருந்தால், கதவைத் திறந்து வைத்து எதிரே வெளிச்சம் காட்டிப் படம்பிடித்து ஃப்ரேம்களை எண்ணுங்கள். 1/60 வரை ஓரளவு தெரிந்துவிடும். அதற்கு மேலே கருவி வேண்டும்.

பிக்சல்பக்கம்

நான் எதிர்க்கட்சியில் நிற்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேடம் சொன்ன பிரச்சினை உண்மை. ஆனால் அதற்கு ஃபிலிம்தான் மருந்தா? டிஜிட்டல் கேமராவை மேனுவலில் போட்டு, பின்திரையை அணைத்து, 36 படத்துக்கு மேல் எடுக்கக்கூடாது என்று சொன்னால் அதே ஒழுங்கு வந்துவிடுமே. ஃபிலிமும் கெமிக்கலும் வாங்க முடியாத பிள்ளைகள் இருப்பார்கள். செய்ததற்கும் விளைவுக்கும் இடைவெளி கூடக்கூடக் கற்றல் குறையும் என்பது எந்த வகுப்பறையிலும் தெரிவதுதான். திங்கட்கிழமை எடுத்த படத்தை அடுத்த வாரம் பார்த்தால், எடுத்தபோது என்ன நினைத்தோம் என்பதே மறந்துபோகும். படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். அதுவும் வெளிச்சத்தின் கணக்குதானே?

ஃபோட்டோடீச்சர்

பிக்சல்பக்கம், உங்கள் கேள்வி நியாயமானது. திரையை அணைக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அணைத்த திரையை மறுபடி போடுவதற்கு ஒரு விரல் போதும், மனசும் முழுக்க அங்கேயே இருக்கிறது. செலவு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நானும்: எந்தப் பிள்ளையும் கையிலிருந்து ஃபிலிம் வாங்கக்கூடாது, வகுப்பே தர வேண்டும். இடைவெளியைப் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

கருவெள்ளை

மேடம், நானும் பல ஆண்டுகளாக இதைத்தான் சொல்லித்தருகிறேன். இந்த விவாதம் கேமராவைச் சுற்றியே போகிறது. பாடம் இருப்பது மீட்டரில். ஃபிலிமா டிஜிட்டலா என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான்.

கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் காட்சியைப் பார்ப்பதில்லை. அதன் முன் வரும் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்கிறது. இதை வாயால் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், மனசில் நிற்காது. அதனால் முதல் வகுப்பில் இதைச் செய்யுங்கள். ஒரே சீரான நிழலில் மூன்று துணி தொங்கவிடுங்கள்: கறுப்பு, சாம்பல், வெள்ளை. ஐஎஸ்ஓ (ஃபிலிம் வேகம்) 400, ஷட்டர் 1/125. கிட்டப் போய், துணி மட்டுமே தெரியும்படி ஒவ்வொன்றையும் அளக்கச் சொல்லுங்கள். எஃப் எண் கூடினால் துளை சிறிது. சாம்பலுக்கு எஃப்/5.6 வந்தால், கறுப்புக்கு ஏறக்குறைய எஃப்/2.8 வரும், வெள்ளைக்கு எஃப்/11 பக்கம் வரும். வெளிச்சம் ஒன்றுதான், மீட்டரோ மூன்று பதில் சொல்கிறது. மீட்டர் சொன்னபடியே மூன்றையும் எடுக்கச் சொல்லுங்கள். டெவலப் ஆன நெகட்டிவை லைட் பாக்ஸில் வைத்ததும், மூன்று கட்டமும் கிட்டத்தட்ட ஒரே அடர்த்தியில் இருக்கும். எது கறுப்பு, எது வெள்ளை என்று அவர்களாலேயே சொல்ல முடியாது. அன்றைக்கு அந்த அறையில் எழும் பேச்சை நான் எந்தப் பாடப்புத்தகத்தாலும் கிளப்பியதில்லை.

அதன் பிறகு தனி மீட்டரைக் கொடுங்கள். வெள்ளைக் குமிழ் உள்ள இன்சிடென்ட் மீட்டர். துணி இருக்கும் இடத்தில் குமிழைக் கேமரா பக்கம் திருப்பிப் பிடித்தால் மூன்று துணிக்கும் எஃப்/5.6 என்ற ஒரே பதில். குமிழ் துணியைப் பார்ப்பதில்லை, துணிமேல் விழும் வெளிச்சத்தைப் பார்க்கிறது. கேமராவுக்குள் மீட்டர் இருக்கும்போது தனி மீட்டர் எதற்கு என்றீர்களே, இதற்குத்தான். விழும் வெளிச்சம் வேறு, பட்டுத் திரும்பும் வெளிச்சம் வேறு. இந்த இரண்டையும் கையால் பிரித்து உணர வேறு கருவி இல்லை.

முகத்தில் இது இன்னும் முக்கியம். கறுத்த முகத்தை ரிஃப்ளெக்டட் மீட்டரால் (பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அளப்பது) நெருங்கி அளந்து அப்படியே எடுத்தால் முகம் வெளுத்துவிடும். பின்னால் வெளுத்த சுவர் இருந்து மொத்தமாக அளந்தால் முகம் இருண்டு கண்ணே தெரியாது. இரண்டிலும் குற்றம் முகத்தின்மேல் இல்லை. கலர் பிரிண்ட் சரிபார்க்கக் கோடாக் 1950-களிலிருந்து லேப்களுக்கு அனுப்பிய ஷெர்லி அட்டைகளில் நெடுங்காலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்களின் படம். யாருடைய தோலை அளவுகோலாக வைத்தார்கள் என்பது மாணவர்களுக்குத் தெரிய வேண்டிய வரலாறு. குமிழுக்கு எந்தத் தோலும் ஒன்றுதான். குமிழ் இல்லாவிட்டால் உள்ளங்கையை அளந்து ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சம் விழும்படி, திறக்கலாம். முக நிறம் எவ்வளவு வேறுபட்டாலும் உள்ளங்கை அந்த அளவுக்கு வேறுபடுவதில்லை. அவரவர் கையை நடுத்தரச் சாம்பல் நிற அட்டையோடு ஒருமுறை ஒப்பிட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இடைவெளிக்கு வருகிறேன். பிக்சல்பக்கம் சொல்வதுபோல, குறிப்பு எழுதாத பிள்ளைக்கு இடைவெளி நஷ்டம்தான். எழுதுகிற பிள்ளைக்கு அதுவே லாபம். ஒவ்வொரு படத்துக்கும் மீட்டர் என்ன சொன்னது, நான் என்ன வைத்தேன், ஏன் மாற்றினேன் என்று மூன்று வரி. விளைவு தெரியாதபோது எழுதியது என்பதால் அதில் சமாளிப்பு இருக்காது. திரையைப் பார்த்துவிட்டு எழுதினால் எல்லோருமே முன்பே தெரிந்த மாதிரி எழுதுவோம்.

மாணவி2

நான் முதலாண்டு மாணவி. கருவெள்ளை சார், ஒரு சந்தேகம். ஜன்னலுக்கு முன்னால் ஒருவர் நிற்கிறார், வெளிச்சம் முதுகுப் பக்கம். மீட்டரை எங்கே பிடிப்பது? கேமரா மீட்டரில் எடுத்தால் எப்போதும் நிழலுருவமாகத்தான் வருகிறது.

கருவெள்ளை

நல்ல கேள்வி தங்கச்சி. அவர் முகத்துக்கு முன்னால், குமிழ் கேமராவைப் பார்த்தபடி. முகத்தில் விழுவதை மட்டும் அளக்கிறாய். ஜன்னலை அது பார்க்கவே பார்க்காது. கேமரா மீட்டரும் அந்தக் குமிழும் மூன்று ஸ்டாப் வித்தியாசம் காட்டினால் பயப்படாதே, அங்கே இரண்டும் அளப்பது வெவ்வேறு விஷயம். தனி மீட்டர் இல்லையா, கேமராவோடு முகத்துக்குக் கிட்டப் போ, ஃப்ரேம் முழுக்க முகம் மட்டும் இருக்கட்டும், அளந்து, நான் முன்பு சொன்னபடி முக நிறத்துக்கு ஏற்பச் சற்றுத் திருத்தி வைத்துக்கொண்டு, பழைய இடத்துக்குத் திரும்பி எடு. கே1000 ஃப்ரேம் முழுவதையும் சராசரியாகப் பார்க்கும், எஃப்எம் நடு வட்டத்துக்கு 60 சதவீதம் மதிப்புக் கொடுக்கும். உன் கேமரா எந்த வகை என்று தெரிந்துகொண்டால் அது எங்கே ஏமாறும் என்பதும் தெரிந்துவிடும்.

ஜன்னல் வெளுத்துப் போகும். போகட்டும். எதை விட்டுக்கொடுப்பது என்று நீதான் முடிவு செய்கிறாய்.

ஷட்டர்மெக்கானிக்

மேடத்தின் மூன்றாவது கேள்வி பாக்கி இருக்கிறது. பழைய மீட்டர்.

செலினியம் மீட்டருக்குப் பேட்டரியே வேண்டாம், விழும் வெளிச்சத்திலேயே மின்சாரம் உண்டாகி முள் நகரும். வெஸ்டன் நிறுவனம் 1932-இல் கொண்டுவந்த 617 மாடல்தான் இந்த வகையில் முதலில் கடைக்கு வந்தது. முள் எதனால் நகர்கிறது என்று மாணவருக்குக் காட்ட இதைவிட நேரடியான பொருள் கிடையாது: ஜன்னல் பக்கம் திருப்பு, ஏறும், கையால் மூடு, விழும். ஆனால் செல்லுக்கு வயதானால் முள் சோம்பிவிடும், மங்கலில் எதுவும் காட்டாது. ஈரமும் அதற்கு ஆகாது. உறைக்குள் வைத்திருந்த மீட்டர் பெரும்பாலும் பிழைத்திருக்கும். செகோனிக் எல்-398 இந்த வகுப்புக்கென்றே செய்தமாதிரி இருக்கும். குமிழ், முள், வட்ட டயல் எல்லாம் உண்டு. அதன் பிந்தைய எல்-398ஏ-வில் செலினியத்துக்குப் பதில் அமார்ஃபஸ் சிலிக்கான் வைத்தார்கள், பேட்டரி அதற்கும் வேண்டாம்.

வட்ட டயலைப் பற்றி ஒரு வார்த்தை. டிஜிட்டல் மீட்டர் ஒரே ஒரு விடையைக் காட்டும். டயலில் முள் சொன்ன எண்ணை வைத்ததும் 1/30-க்கு எஃப்/16, 1/125-க்கு எஃப்/8, 1/500-க்கு எஃப்/4 எல்லாம் ஒரே வரிசையில் எதிரெதிரே நிற்கும். எல்லாம் ஒரே எக்ஸ்போஷர், தேர்வு உன்னுடையது என்பது கண்ணெதிரே தெரியும். விளக்கவே தேவையில்லை.

வெஸ்டன் மாஸ்டர் II போன்ற பழையவற்றில் ஃபிலிம் வேகத்துக்கு அவர்களுடைய சொந்த எண் இருக்கும். ஏஎஸ்ஏ (ஐஎஸ்ஓ-வின் பழைய பெயர்) 100 என்றால் அங்கே ஏறக்குறைய 80 வைக்க வேண்டும். சிலவற்றில் டின் (ஜெர்மன் அளவு) எண் மட்டும் இருக்கும்: 21 என்றால் 100, 27 என்றால் 400, மூன்று கூடினால் ஒரு ஸ்டாப்.

சரிபார்க்க, மேகமில்லாத உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100 வைத்து, சாம்பல் அட்டை இருந்தால் அட்டையை அளந்து, 1/125, எஃப்/16 பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் நிழலிலும் வீட்டுக்குள்ளும் நம்பகமான ஒரு மீட்டரோடு ஒப்பிடுங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு பிழை என்றால் ஐஎஸ்ஓ டயலைத் தள்ளி வைத்துச் சரிக்கட்டிவிடலாம். வெயிலில் சரியாக இருந்து நிழலில் விலகுகிற மீட்டரை ஒதுக்கிவிடுங்கள், மாணவரிடம் கொடுக்காதீர்கள்.

இருட்டறை

எல்லோரும் எடுப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். டெவலப்பிங் ஒழுங்காக இல்லையென்றால் இந்த மீட்டர் பாடம் முழுக்க வீண். நெகட்டிவ் மெலிந்து வந்தால் எடுத்தவர் தவறா, கழுவியவர் தவறா?

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, பிள்ளைகள் மிகவும் ரசிப்பார்கள். ஃபிலிம் ஓரத்தில் கட்ட எண்ணும் ஃபிலிம் பெயரும் இருக்கின்றன அல்லவா, அவை தொழிற்சாலையிலேயே வெளிச்சம் காட்டிப் பதித்தவை. நம் கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஓர எழுத்து நன்றாகக் கறுத்திருந்து படம் மட்டும் மெலிந்திருந்தால் எக்ஸ்போஷர் போதவில்லை. ஓர எழுத்தும் சேர்ந்து வெளிறியிருந்தால் டெவலப்பரைப் பாருங்கள்: பழையதா, குளிர்ந்திருந்ததா, நேரம் குறைந்ததா. ரோல் முழுக்கப் படமே இல்லை, எழுத்து மட்டும் தெளிவாக இருக்கிறது என்றால் ஃபிலிம் ஸ்பூலில் மாட்டவே இல்லை. ஒவ்வொரு முறை லீவரைத் தள்ளும்போதும் இடப்பக்க ரீவைண்ட் குமிழ் சுற்றுகிறதா என்று பார்க்கப் பழக்குங்கள்.

ஒரே ஃபிலிம், ஒரே டெவலப்பர், பருவம் முழுக்க மாற்றாதீர்கள். இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ் ஃபிலிம், ஐடி-11 டெவலப்பர் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து, 20 டிகிரி செல்சியஸில் 13 நிமிடம். இந்த மூன்று எண்ணையும் சுவரில் ஒட்டிவிடுங்கள். வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரி கூடினாலே நெகட்டிவ் கனத்துவிடும், அதனால் தெர்மாமீட்டர் இல்லாமல் யாரும் ஊற்றக்கூடாது. ரீலில் ஃபிலிம் ஏற்றுவதை வீணான ஒரு ரோலை வைத்து முதலில் வெளிச்சத்தில், பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அப்புறம்தான் இருட்டில். பயன்படுத்திய ஃபிக்ஸரில் (படத்தை நிலைப்படுத்தும் கரைசல்) வெள்ளி கரைந்திருக்கும், சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்து முறையாக ஒப்படையுங்கள். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம்.

பிக்சல்பக்கம்

ஓர எழுத்து விஷயம் எனக்குப் புதிது, நன்றி. மூன்று துணிப் பயிற்சியை இன்றே டிஜிட்டலில் செய்து பார்த்தேன். ஆட்டோவில் மூன்றும் சாம்பலாகவே வந்தன. ஆகவே நான் சொல்வது: மீட்டர் பாடத்தை டிஜிட்டலில் தொடங்குங்கள், எந்தச் செலவும் இல்லாமல் அன்றே புரிந்துவிடும். புரிந்தபின் ஃபிலிமுக்குப் போகட்டும். ஃபிலிம்தான் தொடக்கமாக இருக்க வேண்டும் என்பதை இன்னும் ஏற்க முடியவில்லை. இன்னொன்று, நெகட்டிவ் ஃபிலிம் ஓவர் எக்ஸ்போஷரைத் தாங்கும். டிஜிட்டலில் வெளுத்த இடம் போனது போனதுதான். ஃபிலிமில் தாராளமாகத் திறந்து பழகிய கை டிஜிட்டலில் வெயிலில் தடுமாறும். அதையும் சொல்லிக்கொடுங்கள்.

கருவெள்ளை

கடைசியில் சொன்னது மிகச் சரி. வரிசையில் மட்டும் உடன்பாடில்லை. டிஜிட்டலில் தொடங்கினால் துணிப் பயிற்சி ஒரு வேடிக்கையாகத் தெரிந்து மறந்துபோகும். ஆனால் ஃபிலிம் கிடைக்காத இடத்தில் உங்கள் வழியே நல்ல வழி, தயங்காமல் செய்யலாம்.

மாணவி2

ஃபோனில் மீட்டர் ஆப் இருக்கிறதே, அது போதாதா?

ஷட்டர்மெக்கானிக்

போதும், அவசரத்துக்கு. பெரும்பாலானவை ஃபோன் கேமராவில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைத்தான் அளக்கும், குமிழ் வேலையைச் செய்யாது. ஒருமுறை நல்ல மீட்டரோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொள். வகுப்பில் ஃபோனை வெளியே எடுத்தால் அதே திரை திரும்ப வந்துவிடும் என்பதையும் யோசி.

ஃபோட்டோடீச்சர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இப்படிச் செய்யப்போகிறேன். முதல் வாரம் கேமராவே கிடையாது, மீட்டர் மட்டும். மீட்டரைத் தூக்குமுன் ஒவ்வொருவரும் கண்ணால் பார்த்து ஒரு எண்ணை ஊகித்து எழுத வேண்டும், பிறகுதான் அளக்க வேண்டும். இரண்டாம் வாரம் மூன்று துணி, கே1000. பிக்சல்பக்கத்துக்காக ஒரு குழு அதே பயிற்சியை டிஜிட்டலில் செய்யும், பருவ முடிவில் இரண்டு குழுவின் குறிப்பேட்டையும் இங்கே பகிர்கிறேன். இன்னும் ஒரே கேள்வி. மீட்டர் ஆளுக்கொன்று கிடைக்காது, இரண்டு பேருக்கு ஒன்றுதான். சமாளிக்க முடியுமா?

கருவெள்ளை

இரண்டு பேருக்கு ஒன்று என்பதுதான் நல்லது. ஒருவர் அளந்து எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கேமரா வைத்திருப்பவர் அதை அப்படியே வைக்கப்போகிறாரா, மாற்றப்போகிறாரா, ஏன் என்று பதில் சொன்ன பிறகே க்ளிக். ரோலின் பாதியில் இருவரும் இடம் மாறட்டும். குறிப்பேட்டில் ஊகித்த எண், அளந்த எண், வைத்த எண் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். ரோல் கழுவி வந்ததும் நாலாவது கட்டத்தில் நெகட்டிவைப் பார்த்து எழுதட்டும், ஸ்கேனைப் பார்த்து வேண்டாம். ஸ்கேனர் தானாகவே வெளிச்சத்தைச் சரிசெய்துவிடும், பிழை மறைந்துபோகும்.